ஆகாயத் தூரக் கணக்கர்

விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம், விமானத்தில் போகிறவர்கள் ஒரு ரகம். மூன்றாவதாகவும் ஒரு ரகம் உண்டு. ஓட்டவும் மாட்டார், ஏறவும் மாட்டார். ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்காமலே சொல்லுவார். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் பக்கத்து நாற்காலியில் பார்த்திருப்பீர்களே, அவர்தான்! "பையன் வெளிநாட்டுல இருக்கான்" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், தொலைந்தீர்கள். பையன் சௌக்கியமா என்று கேட்பாரா? மூச்! "நேர் ஃபிளைட்டா, நடுவுல எறங்கி ஏறணுமா?" என்பார். நீங்கள் பதினாலு மணி நேரம் என்றால் "சான்ஸே இல்ல" என்று தலையாட்டி, உங்கள் தண்ணீர் டம்ளரைப் பூமியாக்கி, துருவத்தைச் சுற்றி வளைந்து போனால் எவ்வளவு மிச்சம், எதிர்காற்று அடித்தால் எவ்வளவு நஷ்டம் என்று விரலால் கோடு போட்டுக்கொண்டே போவார். பல்வலி மறந்துபோகும். அது ஒன்றுதான் லாபம்.

என் அக்கா வீட்டுக்காரர் இந்த ரகம். கட்டில் மெத்தைக் கடையில் மேலாளர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து அவர் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அக்கா பேத்தியை ஃபோனில்தான் பார்த்திருக்கிறாள். விமான நிலையத்தில் மகள் வெளியே வரும் வாசலில் முதல் ஆளாக நின்று குழந்தையைக் கையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. விடிந்ததிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பலாங்க. பத்து மணிக்கு எறங்கும்னு மெசேஜ் வந்திருக்கு."

"அது கம்பெனிக்காரன் சும்மா போடறது. தூரத்தை வேகத்தால வகுத்துப் பாரு. எதிர்காத்து வேற! பன்னெண்டுக்கு முன்னாடி எறங்கிச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"தம்பி, நீயாவது சொல்லேன்டா!"

நானா? எனக்கும் டம்ளர் வைப்பார். கார் சாவியும் அவர் சட்டைப்பையில்.

மகள் போனபோது முகத்தில் அடித்த காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன மனுஷனுக்கு அன்றைக்கென்று மறந்துபோயிற்று.

பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குழந்தை, மகள்! அத்தான் ஃபோனிலிருந்து நிமிர்ந்தார்.

"நீ எப்படி இப்ப வந்தே? இன்னும் கடலுக்கு மேலல்லவா இருக்கணும்?"

"திரும்பிப் போயிட்டு வரட்டுமாப்பா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எல்லாருக்கும் கட்டிப் பிடிச்சுக்க யாராவது இருந்தாங்க. நான் மட்டும் இவளைத் தூக்கிட்டுத் தனியா நின்னேன். என் ஃபோனும் இங்க வேலை செய்யல."

அக்கா ஓடிப்போய் வாங்கினாள். புது முகத்தைப் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அக்காவும் அழுதாள். "அந்த வாசல்ல நிக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?"

அத்தான் தயங்கித் தயங்கி மகளை நெருங்கினார். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, காத்து பின்னாலிருந்தா அடிச்சுது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பிள்ளை கடைசியாக ஊரிலிருந்து வந்து இறங்கியபோது முதலில் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "எப்படி இருக்கே?" என்றா, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றா? ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை. பிள்ளைக்கு இருக்கும்.