நீர்மேல் நிற்க ஒரு பூப்போட்ட சட்டை

மணலூர்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி பகலவன் அவர்களுக்கு, காசிநாதன் பணிவோடு எழுதுவது. இங்கு நானும் ராஜாம்பாளும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் போகிறது, கரும்பு ஆள் உயரம் தாண்டி நிற்கிறது. கடலூரில் தாங்களும் மாப்பிள்ளை தமிழழகனும் எங்கள் மலர்விழியும் அதேபோல் செழிப்பாக இருக்க வேண்டும். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு "ஆமாங்க, ஆமாங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

தாங்கள் தினமும் விடியற்காலையில் உப்பங்கழியில் ஒரு நீளப் பலகைமேல் நின்றபடி துடுப்புப் போட்டுப் போவதையும், இப்போது இன்னொரு பலகை வாங்கி வைத்து என்னை வரச் சொல்லியிருப்பதையும் மலர்விழி சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுவது நாகரிகம் அல்ல, இருந்தும் எழுதுகிறேன். "அப்பா, அத்தை தவறிப் போனதுலேர்ந்து மாமா யாராண்டயும் பேசறதில்லப்பா. அந்தப் பலகையில ஏறி நின்னுகினு போவாரு, வெயில் ஏறினாத்தான் வருவாரு. நேத்துதான் வாயத் தொறந்து, உங்க அப்பாவ ஒரு வாட்டி வரச் சொல்லும்மான்னாரு. ஏதாவது சாக்கு சொல்லிடாதீங்க."

அன்றைக்கே எனக்கு ஒரு கனவு. எங்கள் தெருக்கோடியில் ஓடும் பெண்ணையாறுதானே கடலூரில் கடலில் சேர்கிறது, அதில் நான் பலகைமேல் நின்று போகிறேன். துடுப்பே போடவில்லை, ஆறே என்னை மெல்ல நடத்திப் போகிறது. திருக்கோவிலூர் கோபுரம் தண்ணீருக்குள் தலைகீழாகப் படுத்திருந்தது. என் பலகை அதன்மேல் போனபோது கலசங்கள் சற்றே ஒதுங்கி வழிவிட்டு, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. தூரத்தில் தாங்கள் சின்னதாக நிற்கிறீர்கள். நான் கல்யாணத்துக்கு உடுத்திய பட்டு வேட்டியில் இருந்தேன், அதன் கரைகூட நனையவில்லை. விழித்ததும் முதலில் வந்த கவலை, விழிப்பில் எதை உடுத்துவது என்பதுதான்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். காற்றைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும் என்றார். பருத்தி கூடவே கூடாதாம், நனைந்தால் கனக்கும், காயாது. உடம்பை ஒட்டிய முழுக்கைச் சட்டை, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, கயிறு கட்டிய தொப்பி, மூக்குக்கண்ணாடி நழுவாமலிருக்க ஒரு வார். என் அலமாரி முழுவதும் பருத்தி. அதோடு, சம்பந்திக்கு எதிரில் தோளில் துண்டில்லாமல்கூட நின்று பழகாதவன் நான், முழங்காலைக் காட்டிக்கொண்டு எப்படி நிற்பது? இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டுக்குப் புதுத்துணி இல்லாமல் போகக் கூடாது. ஆகவே எனக்கு என்ன தைத்தாலும் அதைவிட ஒரு படி மேலாகத் தங்களுக்கும் தைத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்திலேயே காலம் கழித்தவன் என்பதால், வீட்டிலிருந்த துணிகளில் வகைக்கொன்றாக நனைத்துக் கொடியில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வேட்டி சொட்டிக்கொண்டே இருந்தது. ராஜாம்பாளின் நைலக்ஸ் சேலை மட்டும் நான் திரும்புவதற்குள் காய்ந்து பறந்தது. நீலத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள். "எடுத்துக்கங்க, நீங்க எடுத்துக் குடுத்ததுதான், எனக்கு என்னிக்குமே புடிச்சதில்ல" என்றாள்.

உள்ளூரில் தைத்தால் பேச்சாகும் என்று கள்ளக்குறிச்சிக்குப் போய், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வெற்றிவேல் என்ற தையற்காரரிடம் கொடுத்தேன். அவர் சேலையை விரித்துப் பார்த்தார். "இன்னா சார், பேத்திக்கா?" எனக்குத்தான் என்றும், இன்னொன்று என் சம்பந்திக்கு என்றும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சம்மந்தியோட எதுனா சண்டையா சார்?" என்று கேட்டார். தங்கள் மார்பளவு என்னிடம் இல்லை, கேட்கவும் கூச்சம். கல்யாணப் படத்தைக் காட்டினேன். "மாலைய கழிச்சிட்டுப் பாக்கணும் சார். கம்மியா வச்சா கிழிஞ்சிடும், ஜாஸ்தி வச்சா தண்ணிய மொண்டுக்கும்" என்றார். ஜாஸ்தியாகவே வைக்கச் சொன்னேன், எனக்கும் சேர்த்து. அதுதான் நான் செய்த தவறு.

நேற்று விடியலில் தைத்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய கட்டில் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் அதன்மேல் ஏறி நின்றேன், நின்றேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பலகை ஒரு பக்கம் போயிற்று, நான் மல்லாந்தேன், சட்டைக்குள் காற்றுப் புகுந்து பூக்களெல்லாம் பூசணி போல உப்பி என்னைத் தாங்கிக்கொண்டன. சம்பந்தி, அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காதுக்குள் தண்ணீர், வெளியே ஒரு சத்தமும் இல்லை. மேற்கே கல்வராயன் மலை ஈரத்துணி போல நீலமாகக் கிடந்தது. ஒரு மேகம் அதிலிருந்து கழன்று என் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் யார், என்ன உடுத்தியிருக்கிறேன் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது.

கரையில் எருமை ஓட்டி வந்த பாப்பாத்திக்குச் சேலை அடையாளம் தெரிந்துவிட்டது. "ராஜாம்பா அக்கா ஏரில மெதந்துகினு போவுது, வாங்க வாங்க" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஊரே வந்தது. மிதந்து போவதாகச் சொல்லப்பட்ட ராஜாம்பாள்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். பாப்பாத்தி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணனா? பொடவ ஒனக்கு எடுப்பாத்தான் இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் எனக்கு நடமாட்டம் இல்லை.

ஆகவே தக்க உடை இல்லாத காரணத்தால் என்னால் வர இயலாது என்பதை மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் இங்கே வந்தால் ஆற்றங்கரையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். வயதில் இளையவர்களுக்கு எங்கள் ஆசி, தங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்குத் தங்கள்
காசிநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ராஜாம்பாள் வாங்கிப் படித்தாள். "அந்த மனுசன் துணியா கேட்டாரு? கூட நிக்க ஒரு ஆள் கேட்டாரு. அதுக்கு இத்தினி பக்கம் எழுதிகினு குந்தியிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாளை முதல் பேருந்தில் இருவரும் வருகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும், மேலே இருப்பதைத் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். உடையைப் பற்றி அவ்வளவு எழுதியதற்கு உண்மையான காரணம் வேறு. எனக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டை தருவார்கள் என்று மலர்விழி சொல்கிறாள், தரட்டும். ஆனால் நான் விழுந்துவிட்டால் நம் பேச்சு சிறிது நேரம் நின்றுபோகும், அதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.