மூணு கால் நாற்காலி

கரித்துண்டு என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த அந்த மனுஷன் மாதிரி ஆஸ்பத்திரிச் சுவரை நாசம் பண்ணின ஆள், ஜவ்வாது மலையில் இனிமேல் பிறந்துதான் வரணும்!

சாமை விதைக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். அவரும் எங்களோடு படுத்திருந்த நோயாளிதான். டிபி வந்து படுத்திருந்த எங்களையெல்லாம் பகலில் வராந்தாவில் காற்றாட உட்கார வைப்பார்கள். இவர் சமையற்கட்டு அடுப்பிலிருந்து கரியைத் திருடிக்கொண்டு வந்து ஒவ்வொருத்தரிடமும் கேட்பார்: "ஒன் நோவு இன்னா மாதிரி கீது?"

"கொல்லையில காட்டுப்பன்னி பூந்தா மாதிரி" என்றார் ஒரு தாத்தா. உடனே சுவரில் பன்றி. தாத்தாவின் இருமல் குறையக் குறைய, வாராவாரம் ஈரத்துணியால் அழித்து அதை இளைக்க வைத்தார். கடைசியில் பன்றி எலி அளவுக்கு ஆனது. தாத்தா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

நர்ஸம்மா கத்தினார். "இருமுற எடத்துல கரியா? அறிவு கீதா?" ஆள் விட்டு வெள்ளையடித்தார். "இப்பதான் பளிச்சுனு கீது" என்று கரித்துண்டு மறுபடி ஆரம்பித்தார். ஒருநாள் நர்ஸம்மாவே வந்து தன் ஒற்றைத் தலைவலியைச் சொல்லி வரையச் சொன்னார். அப்புறம் கரி தட்டில் வைத்து வந்தது.

படத்துக்குக் கீழே எழுதுவது என் வேலை, நான் டீச்சர் என்பதால். எல்லார் கதையையும் எழுதினேனே தவிர, என் கதையைச் சொல்லவில்லை. ஒடுகத்தூரில் இருந்த என் வீட்டுக்காரரிடம் 'ட்ரெயினிங்' என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். தெரிந்தால் ஒதுக்கிவிடுவார் என்று அவ்வளவு பயம்.

"சொல்லு டீச்சரம்மா. மாத்திர ஒடம்புக்கு. பயத்துக்கு?"

அழுதுகொண்டே சொன்னேன். போர்வையால் தலையை மூடிக் கட்டிலில் கிடக்கிற பொம்பளையை வரைந்தார். கீழே எழுதினேன்: 'எனக்கு டிபி. இருமலுக்குப் பயமில்லை. அவர் என்ன சொல்வாரோ என்றுதான்.'

அடுத்த ஞாயிறே குட்டு உடைந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ போனில் உளறிவிட, அவர் வந்து நின்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சார், அந்தச் செவுத்தப் படிங்க. ஒங்க வூட்டம்மா எழுத்துதான்" என்றார் கரித்துண்டு.

படித்தார். பிறகு கரியை வாங்கி, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வரைந்தார்.

"மூணு காலுதான் கீது சார்" என்றார் கரித்துண்டு.

"பரவால்லீங்க, நான் ஒக்காந்துக்குவேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

நான் வீட்டுக்குக் கிளம்பிய நாளில்தான் கரித்துண்டு தன்னை வரைந்திருந்தார். ஒரு கட்டில், ஒரு ஆள், அவ்வளவுதான். அவரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட யாரும் வந்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாவி நான். கரியை எடுத்துப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன்.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தாண்ணே. மாத்திர வாங்க வருவேன்ல, அப்ப ஒக்கார."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நாற்காலிக்கும் மூன்று கால்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் போட்ட நாற்காலிக்குக் கால் எண்ணின மனுஷன், அன்றைக்கு எண்ணவே இல்லை.