பூனைக்குத் தீவனம் கலந்தவர்

எங்கள் நாமக்கல் சீமையில் ஓர் இனம் உண்டு; தீவன நிபுணர் என்று பெயர். கோழிப்பண்ணை வைத்திருப்பவர், வைத்து நொடித்தவர், வைத்திருப்பவருக்குப் பெண் கொடுத்தவர், பண்ணையைத் தாண்டி ஒரு முறை பேருந்தில் போனவர் என்று ஊரில் முக்கால்வாசிப் பேர் இதில் அடக்கம். இதை எழுதுகிற ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த உயிரின் வயிறாக இருந்தாலும் அதற்குள் என்ன போகவேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். தங்கள் வயிற்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

மோகனூர் சாலையில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் சண்முகவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் மதுமதி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் பூனை பஞ்சுவை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

"அதுக்கு லேசான வயிறுங்கப்பா. பாக்கெட்டு வாங்கறப்ப பின்னாடி படிச்சுப் பாருங்க. மொதல்ல கறி பேரு இருக்கோணும். சோளம், கோதுமை முன்னால இருந்தா வேண்டாம்."

நிபுணரைப் படிக்கச் சொல்லலாமா? கடைக்குப் போனார், செல்போன் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்து, புரதம் எத்தனை, நார் எத்தனை என்று வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் நாய்க்குச் சங்கிலி வாங்க வந்தவருக்கும் விளக்கம் சொல்லி, கடைக்காரர் ஷட்டரில் கை வைக்கும்வரை நின்றார். எதையும் வாங்கவில்லை. மகள் சொன்ன கணக்கில் நல்ல பாக்கெட் என்று தேறியதில் எல்லாம் சோளத்தைக் கடைசியில் தள்ளியிருந்தார்கள். அதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மக்காச்சோளம் இல்லாமல் ஒரு தீவனமா?

"எனக்கே தீவனப் பாடமா? நானே கலக்கறேன்" என்று வீட்டுக்கு வந்தார்.

கலந்தார். மக்காச்சோளக் குருணை, சோயாப் புண்ணாக்கு, செரிமானத்துக்குத் தவிடு, வாசத்துக்குக் கருவாட்டுத் தூள், உறுதிக்கு, முட்டை ஓடு கெட்டிப்படக் கோழிக்குப் போடும் அதே கிளிஞ்சல் தூள். வேகவைத்து, உருட்டி, தட்டில் வைத்தார். பஞ்சு வந்தது. முகர்ந்தது. தட்டைச் சுற்றித் தரையை முன்னங்காலால் பறண்டியது.

"பாத்தயா சௌந்திரம், அப்பறமாத் திங்கறதுக்குப் பத்தரப்படுத்துது!"

அவர் மனைவி சௌந்திரம் நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க, பூன எதையப் பாத்தா மண்ணத் தள்ளி மூடும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நிபுணர் தோற்பதில்லை, அளவை மாற்றுவார். கருவாட்டைக் கூட்டினார். பசி பொறுக்காமல் பஞ்சு தின்றது. மறுநாள் வயிற்றால் போயிற்று, அதுவும் அவருடைய சலவை வேட்டியின் மேல். தவிடு போதவில்லை என்று தவிட்டைக் கூட்டினார், வயிறு கட்டிக்கொண்டது. தவிட்டைக் குறைத்தார், மறுபடி போயிற்று. கடைசியில் பஞ்சு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் வரவில்லை.

மகள் வீடியோவில் பார்த்துவிட்டாள். "இப்படி எளச்சுப் போச்சே! ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிடறனுங்கப்பா."

மகள் போனபின், சண்முகவேலின் கார் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வருவது அந்தப் பூனை ஒன்றுதான். சௌந்திரம் அந்தப் பழக்கத்தை விட்டு வெகு காலம் ஆகிறது. பூனையும் போய்விட்டால் வீடு வெறிச்சோடிப் போகும். கண் கலங்கியது. கருவாட்டுத் தூள் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு, பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டர் கோகிலவாணியிடம் ஓடினார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "என்னங்க குடுக்கறீங்க?" என்றார். சண்முகவேல் கொஞ்சம் பெருமையோடுதான் ஒப்பித்தார். கிளிஞ்சல் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, முட்டை போடறதுக்கா வளத்தறீங்க?"

சண்முகவேல் தானே சிரித்துவிட்டார். "காலம் பூராக் கோழிக்கே கலந்து கலந்து, வாயி வயிறு இருக்கறதெல்லாம் எனக்குக் கோழியாத்தான் தெரியுதுங்கம்மா. இதப் பொழைக்க வெச்சுக் குடுங்க."

"பூனை கறி திங்கப் பொறந்ததுங்க. உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. தேறுற வரைக்கும் உப்பு, மசாலா எதுவும் சேக்காம வேகவெச்ச கோழிக்கறி. அதோட அரசாணிக்காய் மசிச்சு ஒரு துளி. அப்பறம் கறி மொதல்ல இருக்கற பாக்கெட்டக் கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து மாத்துங்க, ஒரேயடியா வேண்டாம்."

ஆக, நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு, பூனைக்குக் கோழியைக் கொடுக்காமல் கோழித் தீவனத்தைக் கொடுத்த முதல் மனிதர் இவராகத்தான் இருக்கவேண்டும். அன்று முதல் டாக்டர் சொன்னபடியே சௌந்திரம் கறி வேகவைத்து, அரசாணி என்கிற மஞ்சள் பூசணியையும் ஒரு துளி மசித்து வைத்தார். நிபுணர் அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுமதி கூடையோடு வந்தாள். பஞ்சு அப்பாவின் மடியில் படுத்து, அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கூடையைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை.

"சேரி, இங்கயே இருக்கட்டும்" என்றாள். "ஆனாத் தட்டுல போடறது அம்மா. நீங்க தொடக் கூடாது."

"சேரி சாமி" என்றார். அதிகாரம் போனால் போகட்டும், பூனை மிஞ்சியதே!

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் டாக்டர் வெறும் அரசாணிக்காய் என்று சொன்ன இடத்தில், 'கூட ரெண்டு சீரகம் தட்டிப் போட்டிருந்தால் வயிற்றுக்கு இன்னும் நன்றாகக் கேட்குமே' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், தயவுசெய்து உங்கள் வீட்டுப் பூனையின் தட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.