ஒரு வார்த்தை சொல்லிவைப்பவர்

சொல்லிவைப்பவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பல் டாக்டர் பெயரும், வீடு மாறப்போவதாக முனகினால் லாரிக்காரர் நம்பரும் இவரிடமிருந்து வந்து விழும். "என் பேரைச் சொல்லுங்க, போதும்" என்பார். சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. "யாரு அவரு?" என்று பல் டாக்டர் உங்களையே திருப்பிக் கேட்பார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் தானாகவே போய் மாட்டிக்கொண்டார் ஒரு கூரைக்காரர். வேலையில் கெட்டிக்காரர், வேலை பிடிக்கத்தான் தெரியாது. நோட்டீஸ் அடித்து வீடுவீடாகச் செருகினார். அதில் பாதி ஜன்னல் துடைக்கப் போனது. வேனில் போன் நம்பர் எழுதவைத்தார். பெயின்டர் ஒரு எண்ணை மாற்றி எழுதியதால், ஒழுகல் புகார்களையெல்லாம் அழகு நிலையம் நடத்தும் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். "செஞ்சு குடுத்த வீட்டுக்காரங்களையே நாலு பேர்கிட்ட சொல்லச் சொல்லுங்களேன். காசா பணமா?"

அந்த வாரம் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் வேலை முடிந்தது. ஏணியைக் கழற்றும்போது, கூரைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பிடிச்சிருந்தா தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்க சார்."

அவ்வளவுதான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து வீட்டில் பூனைகூடத் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்த அதிகாரிக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்துவிட்டது. காலை நடையில் எதிர்ப்பட்டவர், மருந்துக்கடை வரிசையில் நின்றவர், முடிவெட்டும் நாற்காலியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் அகப்பட்டவர் என ஒருவரையும் விடாமல் கூரைக்காரரின் புகழ் பாடினார். வேலை வந்தது. மறுக்க முடியாது. வேலையோடு அவரும் வந்தார். போன இடத்திலெல்லாம் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கூரைக்காரரைக் கேட்காமலே கூலியைக் குறைத்தார். முதல் வாரம் 'நீங்க' என்றவர், இரண்டாம் வாரம் 'நீ'க்கு இறங்கி, மாதக் கடைசியில் 'நம்ம பையன்' என்று அறிமுகப்படுத்தினார். பையனுக்கு மீசையெல்லாம் நரை.

"உங்க சிபாரிசு சார் போன் பண்ணினாரு. அவரு வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களாம், நீங்க போட்ட கூரையில ஏறிக் காட்டணுமாம்" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூரைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஏறிக் காட்டினார்.

மழைக்காலம் நெருங்கியபோது பக்கத்துத் தெருத் தையல்கடை அம்மாவிடம் சார் வாக்குக் கொடுத்துவிட்டார். "ரெண்டு ஷீட் மாத்தினாப் போதும்மா. அரை நாள் வேலை. நான் சொல்லிட்டேன், முடிச்சிருவான்."

கூரைக்காரர் ஏறி, ஷீட்டைத் தாங்கும் மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். அது பிடிவரை இறங்கியது. அடுத்த சட்டமும் அப்படியே. ஓட்டை வழியே கீழே பார்த்தார். வரிசையாகப் பெண்கள் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சார், நாற்காலியில். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து போன் அடிக்காது. ரெண்டு ஷீட்டை மாட்டிவிட்டுப் போனால் இந்த மழைக்குத் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"சட்டம் பூரா உளுத்துப்போச்சும்மா. மொத்தமாப் பிரிச்சாத்தான் சரியா வரும். அதுவரைக்கும் இங்க யாரும் உக்கார வேண்டாம்."

"நான் ரெண்டு ஷீட்டுன்னு சொல்லியிருக்கேன்" என்றார் சார்.

"நீங்க சொன்னது அந்தச் சட்டத்துக்குத் தெரியலையே சார்."

தையல்கடை அம்மா சிரித்துவிட்டார். சிரித்தபடியே, "மெஷினையெல்லாம் வெளிய எடுங்கடி" என்று பெண்களிடம் சொன்னார். கூரைக்காரர் சொன்னதைக்கூடச் சார் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

"விளம்பரம் போச்சா?" என்றாள், வீட்டில் கதையைக் கேட்ட மனைவி.

"போச்சு."

"போகட்டும். கை கழுவிட்டு வாங்க."

சார் சும்மா இருப்பாரா? நடையிலும் மருந்துக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் மறுபடி வாய் திறந்தார். "ரெண்டு ஷீட் மாத்தச் சொன்னா, அடிச்சட்டம் வரைக்கும் குத்திப் பாக்குறான் சார். உளுத்திருக்குன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றான். பெரிய மனுஷன் சொல்றானேன்னு ஒரு மரியாதை வேண்டாம்?"

கேட்டவர்கள் வீட்டிலும் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. "அப்படியா? அவரு நம்பர் இருக்கா?" என்றார்கள்.

பழக்கதோஷம். சாரின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது. நம்பரைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா என் பேரைச் சொல்லிடாதீங்க."

அந்த மழைக்குக் கூரைக்காரர் கூடுதலாக இரண்டு ஏணி வாங்க வேண்டியிருந்தது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் நண்பருக்கு ஓர் எலக்ட்ரீஷியன் நம்பர் கொடுத்தீர்கள், நல்ல காரியம். சாயங்காலமே "பேசினீங்களா?" என்று விசாரித்தீர்கள், அக்கறைதான். அவர் வேறு யாரையோ கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டார் என்று தெரிந்ததும், அவர் வீட்டு விளக்கு இரண்டு நாளாவது அணைந்து அணைந்து எரியட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை எட்டிப்பார்த்ததா, இல்லையா?