பேசேஜைப் படிக்காத வாத்தியார்

பதினோரு வருஷமாக இங்கிலீஷ் காம்ப்ரஹென்ஷன் நடத்தி வருகிறேன். அதில் முதல் பத்து வருஷம் ஒரு பேசேஜைக்கூட முழுசாகப் படித்ததில்லை. இதை இப்போது சொல்வதால் என் பழைய மாணவர்கள் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். அவர்களும் படித்ததில்லை. படிக்காதே என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என் முறை ரொம்ப எளிது. முதலில் கேள்வியைப் பார். அதிலிருக்கிற பெரிய வார்த்தையைப் பிடி. அதே வார்த்தை பேசேஜில் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியை அப்படியே தூக்கி விடைத்தாளில் இறக்கு. "படிச்சா குழம்பிருவீங்கடா" என்பேன். நாகமலை புதுக்கோட்டை டுடோரியலில் இந்த முறையில் பாஸ் ஆனவர்கள் ஏராளம். (அவர்களில் ஒருத்தன் இன்று வங்கியில் கடன் பத்திரம் சரிபார்க்கிறான். அந்த வங்கிப் பக்கமே நான் போவதில்லை.)

இப்படிப்பட்ட என்னை, தைவானில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் நடத்த வரச்சொன்னார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு வாத்தியார் பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. ஒரே ஒரு டெமோ வகுப்பு. அது தேறினால் வேலை நிச்சயம். அங்கே காலை பத்தரை என்றால் நமக்கு எட்டு மணி. சீனம் பேசுகிற முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள், பின்வரிசையில் லின் மேடம் என்கிற துறைத்தலைவி.

வேலை கிடைக்கும் முன்பே டுடோரியல் ஓனருக்கு ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். எடுத்த எடுப்பிலேயே ராஜினாமா என்று எழுதினால் மரியாதையாக இருக்காது என்று முதல் பத்தியில் உடல்நிலை, முதுகுவலி எல்லாம் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருந்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விமானம் படம் வேறு. (வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு எதற்கு விமானம் என்று என் மனைவி செல்வி கேட்டாள்.)

அடுத்த சிக்கல் சத்தம். நாங்கள் இருப்பது செல்லூர். ஒரே சுவர்தான், அந்தப் பக்கம் பாண்டியண்ணனின் விசைத்தறிக் கூடம். எட்டுத் தறி ஓடினால் என் மேஜையில் டம்ளர் நடக்கும். போய்க் கேட்டேன்.

"அண்ணே, நாளைக்கு காலைல ஒரு முக்கா மணி நேரம் தறிய நிறுத்தணும்."

"ஏன் மாப்ள, யாரும் பெரிய மனுசன் வாராகளா?"

"தைவான்ல இருந்து வாராக. லேப்டாப்ல."

யோசித்தார். "சரி, உனக்காக. ஆனா எட்டே முக்காலுக்கு மேல ஒரு நிமிசம் தாங்காது, ஆமா. டெலிவரி நிக்குது."

அன்று சாயங்காலம் பேசேஜ் மெயிலில் வந்தது. பிரிண்ட் எடுத்து வந்தது செல்வி. வந்ததும் வராததுமாக, "பாவங்க அந்தம்மா" என்றாள்.

"எந்தம்மா?"

"பேசேஜ்ல வர்ற மார்த்தா. நீங்க இன்னும் படிக்கலையா?"

"அதெல்லாம் பாத்துக்கறேன். அந்த டை எங்க இருக்குன்னு பாரு."

பார்த்தேன்தான். கேள்விகளை மட்டும். மார்த்தா எங்கே வசிக்கிறாள்? கடலோரம். மேஜையில் எத்தனை கிண்ணம் வைக்கிறாள்? இரண்டு. யாருக்காகக் காத்திருக்கிறாள்? கணவனுக்காக. என்ன சமைத்தாள்? மீன் சூப். நாலு கேள்விக்கும் பென்சிலால் கோடு போட்டாயிற்று. ஐந்தாவது கேள்விதான் கொஞ்சம் வம்பு பிடித்தது. மார்த்தாவின் மனநிலை என்ன, சொந்த நடையில் எழுதுக. இரண்டாம் பத்தியில் 'சிரித்தாள்' என்று இருந்தது. ஆக, மகிழ்ச்சி. முடிந்தது கதை. படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலை எட்டு மணி. மேலே சட்டை, டை, கீழே கைலி. தறி நின்றது. செல்லூரில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. காதுக்குள் என் நாடித்துடிப்புதான் கேட்டது. தறி நின்றதும் வேலையில்லாமல் போன பாண்டியண்ணன், நாலு ஆட்களுடன் என் ஜன்னலில் வந்து நின்றுகொண்டார். "நீ நடத்து மாப்ள, நாங்க சும்மா பாக்கோம்."

திரை விரிந்தது. வரிசை வரிசையாகப் பிள்ளைகள். சிரிக்கவில்லை, இருமவில்லை. லின் மேடம் கையில் நோட்டும் பேனாவும். நான் என் முறையை அவிழ்த்துவிட்டேன். வார்த்தையைப் பிடி, வரியைத் தூக்கு. அடடா, என்ன பிள்ளைகள்! நாலு கேள்விக்கும் நாலே நிமிஷத்தில் விடை. ஐந்தாவதுக்கு 'மகிழ்ச்சி' என்றேன். முப்பது தலையும் குனிந்து எழுதின. ஜேசன் என்கிற கண்ணாடி போட்ட பையன் மட்டும் எழுதவில்லை. (இங்கிலீஷ் வகுப்பில் அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் பெயர்தான்.) என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி எட்டு இருபது. கையிருப்பு தீர்ந்துவிட்டது! இன்னும் இருபத்தைந்து நிமிஷம். லின் மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில்தான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. நடிப்பு!

"எங்கள் மதுரையிலும் மனைவிகள் இப்படித்தான் காத்திருப்பார்கள்" என்றேன் இங்கிலீஷில். "லேட்டாக வந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம். விவியன், நீதான் மார்த்தா. ஜேசன், நீ கணவன். லேட்டாக வீட்டுக்கு வருகிறாய்."

பிள்ளைகளுக்குள் சீனத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆர்வம் என்று நினைத்தேன்.

அதே நேரம் கேமராவுக்குப் பின்னால் செல்வி என்னவோ கை காட்டினாள். கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். டை கோணலாக இருக்கிறது போல என்று இழுத்துச் சரிசெய்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த என் அப்பாவின் படத்தைக் காட்டி, மறுபடி கழுத்தைச் சுற்றி வட்டம். டையை இன்னும் இறுக்கினேன். மூச்சு முட்டியது.

விவியன் எழுந்து நின்றாள். ஜேசன் கதவைத் திறப்பதுபோல் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏன் லேட் என்று அவளிடம் சொல்!" நான் உற்சாகப்படுத்தினேன்.

"கடலில் இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு வருஷம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். (தனியாகத்தான்.) பையனுக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி! "பிரமாதம்! சரி, இனிமேல் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று மன்னிப்புக் கேள்."

"கேட்க முடியாது டீச்சர்."

"ஏன் முடியாது?"

ஜேசன் கண்ணாடியைச் சரிசெய்தான். ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"நான் செத்துப்போய்விட்டேன், டீச்சர்."

இங்கிலீஷில் 'டெட்' என்கிற அந்த ஒரு வார்த்தை பாண்டியண்ணனுக்கும் தெரியும். ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "யாரு மாப்ள செத்தது?" அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்ற நாலு பேரும் அப்படியே செய்தார்கள்.

செல்வி கழுத்தைச் சுற்றிப் போட்டுக் காட்டியது டை இல்லை. மாலை. அப்பா படத்தில் தொங்குகிற மாலை.

லின் மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கடைசிப் பத்தியை எங்களுக்காக வாசிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

வாசித்தேன். முதல் தடவையாக. எட்டு வருஷத்துக்கு முன் புயலில் போன படகு திரும்பவே இல்லை. மார்த்தாவுக்கு அது தெரியும். ஆனாலும் தினமும் இரண்டாவது கிண்ணத்தை வைக்கிறாள். சாப்பாடு முடிந்ததும், யாரும் தொடாத அந்தக் கிண்ணத்தையும் கழுவி, நாளைக்கு வேண்டும் என்று கவிழ்த்து வைக்கிறாள்.

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் செல்வி அசையாமல் நின்றிருந்தாள். போன வாரம் இரண்டு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நண்பனோடு கொடைக்கானல் போய் வந்தவன் நான்.

"இப்போது ஐந்தாவது கேள்வி" என்றார் லின் மேடம். "உங்கள் சொந்த நடையில்."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு விடை தெரிந்திருந்தது. எந்த வரியிலிருந்தும் தூக்காத விடை. இந்த விடையைச் சொன்னால் வேலைகூடக் கிடைத்துவிடும் என்று தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன்.

மணி எட்டே முக்கால்.

பாண்டியண்ணன் ஜன்னலில்தான் நின்றார். ஆனால் உள்ளே கூடத்தில் ஒரு கடமை தவறாத மனுசன் இருந்திருக்கிறான். எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் எழுந்தன. நான் ஒரு நிமிஷம் பேசினேன். கையை ஆட்டிப் பேசினேன். திரையில் லின் மேடம் காதில் கைவைத்துக் குனிவது தெரிந்தது. முப்பது பிள்ளைகளும் என் உதட்டையே பார்த்தார்கள். லேப்டாப் பக்கத்தில் டம்ளர் நடந்து நடந்து மேஜை விளிம்புக்குப் போய் விழுந்தது.

மறுநாள் மெயில் வந்தது. ரொம்ப நாகரிகமாக, நாலே வரி. அதை மட்டும் முழுசாகப் படித்தேன். வேலை இல்லை.

அதற்கடுத்த நாள் டுடோரியல் வாசலில் போய் நின்றேன். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவனை ஓனரே தோளில் தட்டி, "முதுகு தேவலையா சார்?" என்றார்.

"எந்த முதுகு?"

"லெட்டர் குடுத்தீங்களே. மூணு பக்கத்த யாரு படிக்கிறது? மேல 'முதுகுவலி'ன்னு இருந்துச்சு. உங்களுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டேன்."

அவரும் என் மாணவர் மாதிரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நேராக வகுப்புக்குப் போய், அன்றைய பேசேஜை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பேரதிர்ச்சி. எனக்கு உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று ஓனரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

செல்லூர் தெருவில் இன்றும் நான் வண்டியை எடுத்தால் பாண்டியண்ணன், "மாப்ள, உசுரோட திரும்பி வந்துருவீல்ல?" என்று கேட்காமல் விடுவதில்லை. வீட்டிலும் அதே கதைதான். நான் லேட்டாக வந்தால் செல்வி சண்டை போடுவதில்லை. மேஜையில் இரண்டு தட்டு இருக்கும். கதவைப் பாதி திறந்து, நிலையில் சாய்ந்து நின்று, இரண்டே வார்த்தை சொல்வாள்.

"அஞ்சாவது கேள்வி."

வாசல்படியில் நின்றபடியே, அவள் மனநிலை என்ன என்று சொந்த நடையில் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் கதவு முழுசாகத் திறக்கும். இதுவரை ஒரு நாளும் முழு மார்க் வாங்கியதில்லை. 'மகிழ்ச்சி' என்று மட்டும் மறந்தும் சொல்வதில்லை.