குதிரை ஐயா கால் கழுவிய கலியாணம்

நெடுந்தீவில் குதிரைகளுக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் குதிரை ஐயா ஒருவர்தான். எங்களை "வா, இரு" என்பார். குதிரைகளை "வாங்கோ, நில்லுங்கோ" என்பார். குதிரைகள் கடிக்கும், நாங்கள் கடிக்கமாட்டோம் என்பது அவர் சொன்ன காரணம்.

டென்மார்க்கிலிருந்து எங்கள் தீவுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய வந்தவர். உண்மைப் பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. நான் அப்போது அங்கே தபாற்கந்தோரில் கணக்கெழுதும் லிகிதர். என் அடுத்த வீட்டில், தகப்பனில்லாத பரிமளத்தின் வீட்டில், அவருக்குச் சாப்பாடு.

பரிமளத்தின் கலியாணத்தன்று சோளகக் காற்று எழும்பிவிட்டது. வள்ளம் எதுவும் ஓடவில்லை. அவளுடைய ஒரே தம்பி சிவம் அக்கரையில், குறிகட்டுவான் துறையில் அகப்பட்டுக்கொண்டான். மாப்பிள்ளையோ உள்ளூர்க்காரர், மேளத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். பெண்ணின் சகோதரன் கால் கழுவி அழைக்காமல் அவர் பந்தலுக்குள் வரக்கூடாது. முகூர்த்தம் நெருங்கியது.

தம்பி முறைக்குப் பெரியப்பாவின் மகனும் இருந்தான், சித்தப்பாவின் மகனும் இருந்தான். இரண்டு வீட்டுக்கும் வேலிச் சண்டை. ஒருவன் செம்பைத் தொட்டால் மற்ற வீடு எழும்பிப் போய்விடும். தாய் அழத் தொடங்கினார். அறைக்குள்ளிருந்து பரிமளத்தின் குரல் கேட்டது:

"குதிரை ஐயா கழுவட்டும். ஒரு வருசமா எங்கட குசினியிலதானே சாப்பிடுறவர்."

இரண்டு வீட்டாரும் தலையாட்டினார்கள். வேட்டியை இடுப்புப் பட்டியால் இறுக்கிக்கொண்டு ஐயா வந்தார். செம்பை வாங்கினார், குனிந்தார். தொழிற்பழக்கம் விடுமா? மாப்பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி, உள்ளங்காலைத் தட்டிப் பார்த்தார். ஒற்றைக்காலில் நின்ற மாப்பிள்ளை பந்தல் வாழையைக் கட்டிப்பிடிக்க, வாழை சரிந்தது.

"லாடம் அடிச்சுத்தான் உள்ள விடுவியளோ?" என்றார் மாப்பிள்ளை.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்றார் ஐயா. தீவில் அவர் மரியாதை கொடுத்த முதல் மனிதர் மாப்பிள்ளைதான்.

கால் கழுவியவருக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். சிவத்தின் அளவுக்குச் செய்த மோதிரம் ஐயாவின் சின்ன விரலில் மட்டுமே ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை. மத்தியானம் காற்றுத் தணிந்து சிவம் வந்து சேர்ந்தான். மோதிரத்தைப் பார்த்தான், சிரித்துவிட்டு ஐயாவுக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தான்.

ஐயா ஊர் திரும்பியதும் மறந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பரிமளத்தின் மகனுக்குக் காது குத்திய அன்று வள்ளத்திலிருந்து ஒரு வெள்ளைத் தலை இறங்கியது. தாய்மாமன் மடியில் வைத்தல்லவா குத்தவேண்டும்? வலது காது சிவத்தின் மடியில், இடது காது ஐயாவின் மடியில். வீறிட்ட பிள்ளையிடம் "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்றார். பிள்ளை அடங்கி அவரைப் பார்த்தது.

மோதிரம் அதே விரலில், சதைக்குள் புதைந்து கிடந்தது.

"ஐயா, அதைக் கழற்ற ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலும்" என்று சொல்லிவிட்டு விரலை மடக்கிக்கொண்டார்.