நாலடி முன்னால்

வெடித்த சுவரைச் சரிசெய்ய இந்த உலகம் சுண்ணாம்பு, சிமெண்டு, இரும்புக் கம்பி என்று எத்தனையோ பொருள்களை வீணடித்திருக்கிறது. ஒரு பிடி மணல்கூட இல்லாமல், லென்ஸில் இருக்கும் வளையத்தை இரண்டு விரலால் திருப்பியே சுவரைச் செம்மைப்படுத்தலாம் என்று நிரூபித்த பெருமை, நகர நிர்வாக அலுவலகத்தின் புகைப்படக்காரரையே சேரும். வரலாறு அவரை மறந்தாலும் மறக்கும். அவர் மனைவி மறக்கமாட்டார்.

ஆரம்பத்தில் அவருக்கு அந்த ஞானம் கிடையாது. இருபது வருடமாக அவர் எடுத்த படங்களில் எல்லாமே தெரியும். தலைமை அதிகாரி குடிநீர்க் குழாயைத் திறந்துவைப்பார். தண்ணீர் வராததும் தெரியும். புதுச் சாலையைத் திறந்துவைப்பார். அதே சாலையின் பள்ளத்தில் சிக்கிய அவருடைய காரும் தெரியும். அலுவலகத்தில் அவருக்குப் 'பளிச்' என்றே பெயர்.

"என்னய்யா இது?" என்று ஒருநாள் தலைமை அதிகாரி ஒரு படத்தை மேஜையில் போட்டார். புது மருத்துவமனைத் திறப்பு விழா.

"நீங்கதான் சார்."

"எனக்குப் பின்னாடி?"

"கூரை ஒழுகுதுன்னு வெச்ச வாளி சார்."

"அது எதுக்குய்யா தெரியணும்?"

"அங்கதான் சார் இருந்துச்சு."

இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று தெரிந்துவிடலாமா? இந்த அடிப்படைகூடப் புரியாத ஊழியரை அதிகாரி தண்டிக்கவில்லை. பெருந்தன்மையோடு மூன்று நாள் 'திறன் மேம்பாட்டுப் பயிற்சி'க்கு அனுப்பினார்.

அங்கேதான் பளிச்சுக்குக் கண் திறந்தது. வளையத்தில் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சிறிது என்ற தலைகீழ்க் கணக்கு மற்ற மாணவர்களைத் திணறடித்தது. இருபது வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவருக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. எண் பதினாறில் வைத்தால் முன்னால் நிற்பவரும் பின்னால் இருக்கும் சுவரும் ஒருசேரத் துல்லியமாக விழும். இரண்டில் வைத்தால் கண்ணும் மூக்கும் மட்டும்தான் துல்லியம். பின்னால் இருப்பதெல்லாம் வண்ணக் குழம்பு. இன்னும் கரைய வேண்டுமா? ஆளைப் பின்னணியிலிருந்து நாலடி முன்னால் நகர்த்து, நீயும் அவரை நெருங்கிப் போ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று முன்னோர்கள் சொன்னது, அவர்களிடம் நல்ல லென்ஸ் இல்லாததால்தான்.

அடுத்த நாற்பது நாளில் நகரம் தூய்மையடைந்தது. குப்பைமேடுகள் பச்சை மேகமாயின. மனுவோடு வெயிலில் நின்ற வரிசை, அதிகாரியின் காதோரம் இளஞ்சிவப்பாய் மின்னியது. 'மூத்த புகைப்படக்காரர்' என்றொரு புதிய பதவியை உருவாக்கலாமா என்று ஆலோசிக்க ஒரு கூட்டம்கூட நடந்தது.

வீட்டை மட்டும் இந்த முன்னேற்றம் எட்டவில்லை. அவர் மனைவி பொது நூலகத்தில் நூலகர். அங்கே சிறுவர் பிரிவின் சுவரில், தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். கை நுழையும். அவர் ஏழு கடிதம் எழுதிவிட்டார். பழுதுபார்ப்புப் பிரிவு 'படச் சான்று இல்லை' என்று திருப்பி அனுப்பியது. போனில் படமெடுத்து அனுப்பினார். 'படத்தில் அதிகாரி இல்லை' என்று அதுவும் திரும்பியது. அதிகாரி இல்லாத படம் ஆவணம் ஆகாது. அது வெறும் சுவர்.

"ஏங்க, நாளைக்கு வாசிப்பு வாரம் தொடங்கிவைக்க உங்க சார் எங்க நூலகத்துக்கு வர்றாரு" என்றார் மனைவி, காலையில். "அந்தச் சுவத்துக்கு முன்னாடி அவரை நிக்க வெச்சு ஒரே ஒரு படம், பதினாறுல எடுங்க. ரெண்டும் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியும். ஆனா..."

"அதுக்குக் கீழதாங்க தினம் குழந்தைங்க உக்காருதுங்க. ஒரே ஒரு படம்."

"சரி. எடுக்கறேன்."

எடுக்கத்தான் நினைத்தார். மறுநாள் வளையத்தைப் பதினாறுக்குக் கொண்டும் போனார். தலைமை அதிகாரி புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம ஸ்டைல்தானேய்யா? உன் பதவி உயர்வு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. சாயங்காலம் பார்க்கணும்."

பளிச் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். ஒருமுறை விரிசலைப் பார்த்தார். வளையம் இரண்டுக்குத் திரும்பியது.

"சார், சுவத்துலேர்ந்து ஒரு நாலடி முன்னால வாங்க. இன்னும் கொஞ்சம். அங்கேயே நில்லுங்க."

படம் அபாரம். அதிகாரியின் புருவ முடியை எண்ணலாம். பின்னால் விரிசல், விடியற்காலைப் பனிபோலக் கரைந்திருந்தது. பொறியாளர் அந்தப் படத்தைக் கோப்பில் இணைத்து, 'படச் சான்றின்படி சுவர் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுவருக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை.

அது மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் விழுந்தது. சடசடவென்று சத்தம் கேட்டதுமே நூலகர் குழந்தைகளை வெளியே விரட்டிவிட்டார். கடைசிக் குழந்தையைத் தள்ளிவிட்டு அவர் திரும்புவதற்குள் அலமாரி அவர் வலது கையின் மேல் சாய்ந்தது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

விசாரணைக் குழு மின்னல் வேகத்தில் கூடியது. உண்மை வெளிவந்தே தீரவேண்டும் என்று தலைவர் முழங்கினார். நாற்பது நிமிடத்தில் வெளிவந்தது: யார்மீதும் குற்றமில்லை. மூத்த புகைப்படக்காரரின் படத்தரம் குறித்துப் பாராட்டுத் தீர்மானமும் நிறைவேறியது.

அந்தப் பாராட்டுக் கடிதத்தோடு அவர் மருத்துவமனைக்கு ஓடினார். மனைவி மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

"ஒண்ணும் பயமில்ல. எல்லாரும் தப்பிச்சாச்சு!"

"எப்படி?"

"பொறியாளர் நேர்ல வரவேயில்ல, படத்தைத்தான் பார்த்தாரு. அதுல விரிசல் இல்ல. சார் சுவத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு, அவரும் பார்க்கல. பார்க்காதவங்க மேல எப்படித் தப்பு சொல்ல முடியும்?"

மனைவி கடிதத்தை இடது கையால் வாங்கினார். முழுவதும் படித்தார். மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"நியாயம்தாங்க. யாரும் பார்க்கல" என்றார். "சுவத்துலேர்ந்து நாலடி முன்னால வாங்கன்னு அவர்கிட்ட சொன்னது யாரு?"